பெயிண்டரின் மூக்கு

கோழிக்கூட்டில் மரத்தூளை எப்போது மாற்றுவது என்று தெருவில் யார் கேட்டாலும் பெயிண்டரிடம் ஒரே பதில்தான்: "மூக்கு சொல்லும்யா. நாறினா மாத்து."

தின்னரை முகர்ந்து முகர்ந்து அந்த மூக்கு எப்போதோ செத்துவிட்டது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியாது. சொன்னால் வீடு ரெண்டுபடும் என்று, அவர் வேலைக்குப் போனதும் மனைவியே கூட்டைச் சுரண்டிப் புதுத் தூள் பரப்பிவிடுவாள். "போன வருஷம் போட்ட தூள்! நாறுதா பாரு!" என்று அவர் பீற்றிக்கொள்வார்.

தங்கைக்குப் பிரசவம் பார்க்கப் போனவள் ஒரு மாதம் கழித்துத் திரும்பினாள். கோழிகள் அத்தனையும் கூட்டை விட்டுக் கட்டில்மேல் குந்தியிருந்தன.

"பாசம்டி! என்னை விட்டுட்டு இருக்க மாட்டேங்குதுங்க" என்று பூரித்தார் பெயிண்டர்.

முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அவள் சொன்னாள்: "பாசம் இல்லீங்க. அதுங்களுக்கு மூக்கு இருக்கு."