மதி சாபக்காரியாகத்தான் இருந்தார்

செய்தி ஒரு படமாக வந்தது. ஞாயிறு காலை, குருக்கள்மடத்தில் கல்முனை வீதியோரம் பஸ்ஸுக்காக நின்றேன். சுவிஸில் இருக்கும் இணைய விளையாட்டுத் தோழி நிலானி கைபேசிக்கு அதை அனுப்பியிருந்தார். வெள்ளை அங்கி, முதுகில் இறக்கை, கையில் ஒளிவிடும் கோலுடன் ஒரு பெண். கீழே மதியின் பெயர். "எங்கள் தேவதைக்குக் கண்ணீர் அஞ்சலி" என்று எழுதியிருந்தது. இது உண்மையா என்று நிலானி கேட்டிருந்தார்.

மதியின் தம்பிக்கு அழைத்தேன். விடியும்போதே எல்லாம் முடிந்துவிட்டது என்றும், முகநூலில் போட்டுவிட்டு எனக்குச் சொல்ல மறந்துவிட்டதாகவும் சொன்னான். நண்பர் இறந்த சேதி கேட்டால் கண்ணீர் வரவேண்டும். எனக்கு ஓங்காளம் வந்தது, அந்தப் படத்தைப் பார்த்து. நாங்கள் சேர்ந்து ஆடிய இணைய விளையாட்டில் மதி ஒருநாளும் வெள்ளை அங்கி போட்டதில்லை. அவரை அறிந்தவர்களுக்கும், அறிந்ததாகச் சொல்லிக்கொண்டு அந்தப் படத்தைச் செய்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

மதியும் நானும் புளியந்தீவில் ஓர் அச்சகத்தில் ஒன்றாக வேலை செய்தோம். நான் இயந்திரத்தில் நின்றேன். அவர் கணினியில் பக்கம் அமைத்தார். கலியாண அழைப்பிதழை விட மரண அறிவித்தலும் முப்பத்தோராம் நாள் நினைவு மலரும்தான் அவர் கைக்கு அதிகம் வரும். படத்தைக் கொண்டுவந்து கொடுப்பவர்கள், அப்பாவைக் கொஞ்சம் வெள்ளையாக்குங்கள், அம்மாவின் முகத்துச் சுருக்கத்தை எடுங்கள் என்று கேட்பார்கள். மதி செய்து கொடுப்பார். ஆட்கள் போனபின், "உயிரோட இருக்கக்குள்ள இந்த முகத்த ஒருக்கா நல்லாப் பாத்திருப்பாங்களா?" என்பார். அந்த வேலையில் அவருக்கு இருந்த ஒரே கசப்பு அதுதான்.

கொரோனாக் காலத்தில் அச்சகம் மூடிக் கிடந்தபோது, வீட்டில் இருந்து வேலை செய்யட்டும் என்று முதலாளி அவருக்குக் கணினியைக் கொடுத்துவிட்டார். வேலைதான் வரவில்லை. நான் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டுக்கு அவரையும் அழைத்தேன். எங்கள் அணியில் கனடா, லண்டன், சுவிஸ், சென்னை என்று பல இடத்துத் தமிழர்கள் இருந்தார்கள். அணித்தலைவர் கனடாக்காரர். விளையாட்டில் அவர் பெயர் வேந்தன். அவருக்குச் சனி இரவாக இருக்கும்போது எங்களுக்கு ஞாயிறு காலை. அப்போதுதான் எல்லோரும் கூடுவோம்.

புதிதாக வருபவர் முதலில் ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மதிக்கு வாளும் கேடயமும் பிடிக்கவில்லை. மந்திரம்தான் வேண்டும் என்றார். மந்திரக்காரர்களில் மூன்று வகை. தீ எறிபவர், மற்றவர்களின் காயம் ஆற்றும் ஹீலர், எதிரிமேல் சாபம் இடுபவர். பெண்கள் என்றால் ஹீலர்தான், அதில் கேள்வியே இல்லை என்று வேந்தன் ஒலிவாங்கியில் அறிவித்தார். ஹீலர் என்ன செய்வார் என்று மதி கேட்டார். எல்லோருக்கும் பின்னால் நின்று, எல்லோருடைய உயிரையும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், யாராவது விழுந்தால் ஏச்சு வாங்கவேண்டும் என்று நான் விளக்கினேன்.

"அது நான் வீட்டில செய்யிற வேலதானே யோகன். அதுக்கு ஏன் கரண்டச் செலவழிக்கணும்?" என்றார் மதி.

அவர் சாபக்காரியை எடுத்தார். கறுப்பு உடுப்பு, கழுத்தில் எலும்பு மாலை. வேந்தன் சிரித்தார். "மட்டக்களப்பெண்டால் மந்திரம்தானே. எங்களைப் பாயோட ஒட்டிப்போடாதேங்கோ" என்றார். லண்டன்காரர்கள் இருவர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். மட்டக்களப்பார் வந்த ஆளை மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்துத் திரும்பிப் போகவிடமாட்டார்கள் என்ற இந்த நையாண்டி, எங்கள் ஊர்க்காரர் எல்லோரும் சின்ன வயதிலிருந்து கேட்டுப் புளித்தது. கொழும்பில் வேலைக்குப் போனாலும் கேட்போம், கலியாணம் பேசும் இடத்திலும் கேட்போம். கடல் கடந்து போயும் அதை மட்டும் பத்திரமாகக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்களே என்று எனக்கு அருவருப்பாக இருந்தது. மதி குரலை உயர்த்தவில்லை. "நீங்க இருக்கிறது கதிரையில, பாயில இல்லத்தானே அண்ணன்? அப்ப பயமில்ல" என்றார்.

சாபம் மெதுவாக வேலை செய்யும் மந்திரம். ஒன்றை இட்டு, அதன்மேல் இன்னொன்றை இட்டு, முதலாவது தீருமுன் மூன்றாவதை இட்டுக் காத்திருக்க வேண்டும். திரையில் வெடிப்பு இராது, யாரும் கைதட்டமாட்டார்கள். மதிக்கு அது பிடித்தது. தீ எறிபவனுக்குப் பார்க்க ஆள் வேண்டும், தனக்கு வேலை முடிந்தால் போதும் என்பார். ஒரு பெரிய அரக்கன் விழுந்த பிறகு, யார் எவ்வளவு அடித்தோம் என்ற கணக்கு திரையில் வரும். பல ஞாயிறுகளில் மதியின் பெயர் வேந்தனின் பெயருக்கு மேலே இருந்தது. அப்படியான நாட்களில் வேந்தன் அந்தக் கணக்கைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒரு ஞாயிறு அணி திரும்பத் திரும்பத் தோற்றது. அன்று ஹீலராக நின்றவர் நிலானி. அப்போதுதான் பல்கலைக்கழகம் போகத் தொடங்கியிருந்த பெண். வேந்தன் அவரை ஏசத் தொடங்கினார். அந்த வார்த்தைகளை இங்கே எழுதமாட்டேன். பெண்ணை ஏசுவதற்கென்றே ஆண்கள் வைத்திருக்கும் வார்த்தைகள். அந்தப் பிள்ளை அழுவது எல்லோருக்கும் கேட்டது. ஒருவர் சிரிக்கும் படத்தைப் போட்டார்.

மதி ஒலிவாங்கியைத் திறந்தார். "அந்தப் புள்ள பிழை விடல்ல. அரக்கன்ட நெருப்புக்குள்ள போய் நிண்டது நீங்க. இந்த வாயோட உங்கட வீட்டில கதைப்பீங்களா?"

பிறகு திரையில் ஒரு வரி வந்தது. மதி அணியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். நானும் வெளியேறினேன், நிலானியும் வந்தார். அதற்குப் பிறகு நாங்கள் மூவரும் சின்னச் சின்ன வேட்டைகளுக்குப் போனோம். மதி அந்த அணியைப் பற்றி ஒருமுறைதான் பேசினார். "கோவம் வரல்ல யோகன். சோத்துக்குள்ள மயிர் கிடந்த மாதிரி இருந்திச்சு" என்றார்.

மார்பில் கட்டி என்று தெரிந்தது போன வருடம். சிகிச்சைக்குப் போய்வந்த களைப்பிலும் ஏலுமான நாட்களில் ஆடினார். ஒருநாள் அவருடைய மாமி திரையில் எலும்பு மாலையைக் கண்டுவிட்டார். மதிக்கு இந்த நோய் வந்த காரணம் மாமிக்கு அக்கணமே விளங்கிவிட்டது. சூனியக்காரி வேடம் போட்டு விளையாடினால் வேறென்ன வரும் என்று சொந்தத்துக்குள் கதை பரவியது. சூனியம் நீங்கக் கழிப்புக் கழிக்க ஆளையும் பேசிவிட்டார்கள். நான் போயிருந்த நேரம்தான் மாமி அதைச் சொன்னார், அந்தப் பாத்திரத்தை அழித்துவிடும்படியும் கேட்டார். தலைமுடி கொட்டிய தலையைத் துணியால் சுற்றியபடி மதி சிரித்தார். "மாமி, இதில சூனியம் வைக்கிற ஆள் நான். எனக்கு ஆர் வைக்கிற?" மாமி சிரிக்கவில்லை. மதியின் செத்த வீட்டிலும், பந்தலுக்குள், அதே கதையை இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தந்த தேநீரை நான் குடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு வேந்தன் விளையாட்டுக்குள்ளேயே ஓர் அஞ்சலிக் கூட்டம் வைத்தார். எல்லோரும் வெள்ளை உடுப்பில் வரவேண்டுமாம். நிலானியும் நானும் போனோம். ஒரு குன்றின்மேல், நிலானி அனுப்பிய படத்தில் இருந்த அதே வெள்ளை அங்கியும் இறக்கையுமாக, மதியின் பெயரில் புதிதாக உருவாக்கிய ஒரு ஹீலர் முழங்காலில் இருந்தது. வேந்தன் அதைத் தன் பக்கத்தில் விளையாட்டுப் பார்க்க வரும் ரசிகர்களுக்கு நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் அணியின் தாய், கடைசிவரை எல்லோரையும் குணப்படுத்தியவர் என்று தழுதழுத்தார். திரையின் ஓரத்தில் இதயங்கள் பறந்தன. சிரித்த லண்டன்காரர்கள் இருவரும் மெழுகுதிரி பிடித்து நின்றார்கள்.

நான் ஒலிவாங்கியைத் திறந்தேன். "மதி ஹீலர் இல்ல. சாபக்காரி. அவவ அணியில இருந்து எடுத்தது நீங்க."

"இண்டைக்கு வேண்டாம் யோகன். செத்தவீட்டில அரசியல் கதைக்கக்கூடாது" என்றார் வேந்தன். அத்துடன் என் ஒலி அடைக்கப்பட்டது. நிலானி எழுத்தில் நடந்ததை ஒவ்வொன்றாகப் போட்டார். எல்லாவற்றையும் அழித்தார்கள். ஆனால் அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்கள். வேந்தன் துக்கம் தாங்கவில்லை என்று சொல்லி நேரலையை நிறுத்தினார். அந்தக் காணொளி இப்போது அவருடைய பக்கத்தில் இல்லை. மதியின் பெயரில் அவர் உருவாக்கிய அந்தப் பொம்மை மட்டும் இன்னும் அந்தக் குன்றில் இருக்கிறதாம்.

நிலானியும் நானும் இப்போது வேறொரு விளையாட்டில் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறோம். மதியின் நினைவாக நிலானி சாபக்காரியை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நெடுநேரம் யோசித்து ஹீலரையே எடுத்தார். "எனக்கு இதுதான் விருப்பம் அண்ணா. ஒருத்தரும் சொல்லி எடுக்கேல்ல" என்றார். மதி இருந்திருந்தால் அந்தப் பதிலைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருப்பார்.

எனக்கு அவரிடமிருந்து கிடைத்தது அவ்வளவு இதமானதல்ல. அசிங்கத்தை அசிங்கம் என்று அந்த இடத்திலேயே, சாதாரணக் குரலில், சம்பந்தப்பட்டவரின் காதில் விழச் சொல்லும் வழக்கத்தை அவரிடம்தான் கண்டேன். அந்தப் படத்தைக் கண்டபோது வந்த அருவருப்பு இதை எழுதும்போதும் எனக்குள் இருக்கிறது. அது அடங்கவேண்டும் என்று நான் விரும்பவில்லை. மதியின் பங்காக அதை வைத்துக்கொள்கிறேன்.