முண்டியம்பாக்கம் வரை முதல் பாதி

திண்டிவனம் ஸ்டேஷனில் காலை எட்டு மணி பாசஞ்சருக்கு நிற்கிறவர்களில் பூமாலையைத் தெரியாதவர் கிடையாது. அதற்குக் காரணம் அவளுடைய கை. விழுப்புரம் போகிற அந்த வண்டி உள்ளே வரும்போதே பாதி நிறைந்திருக்கும். பெட்டியில் கம்பியில்லாத அவசர ஜன்னல் ஒன்று உண்டு. அது பிளாட்பாரத்தில் எந்தத் தூணுக்கு நேராக வரும் என்று அவளுக்குத் தெரியும். வண்டி நிற்கிறதற்கு முன்பே நாலு பைகளை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே எறிவாள். நாலும் நாலு சீட்டில் போய் உட்காரும், உள்ளே இருக்கிற குழம்பு தளும்பாது. பை விழுந்த சீட்டு பைக்காரருக்கு. ரயில்வே எழுதாத சட்டம்தான், ஆனாலும் அந்த வண்டியில் அதை மீறியவர் இல்லை.

நாலு பையில் ஒன்று அவளுடையது. மற்ற மூன்றும் வங்கி ஊழியர் செல்வகுமார், பள்ளி ஆசிரியர் தமிழ்மணி, பத்திரப்பதிவு அலுவலகத்து முத்துசாமி ஆகியோருடையவை. மூவருமே கால்பந்து பைத்தியம். திண்டிவனத்தில் ஆரம்பிக்கிற பேச்சு விழுப்புரத்தில் இறங்கிப் படியேறும்போதும் முடிந்திருக்காது. ஆறு வருடத்துக்கு முன்னால் அவர்கள் பேச்சுக்கு நடுவே பூமாலை புகுந்து, “அது கோல்கீப்பர் தப்பில்ல சார், டிஃபென்ஸ் தப்பு” என்றாள். அன்றிலிருந்து அவளும் கூட்டத்தில் ஒருத்தி. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

பூமாலைக்கு நாற்பத்து மூன்று வயது. விழுப்புரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிற வேலை. புருஷன் தேவசகாயம் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். பள்ளியில் படிக்கும்போது அவள் கோல்கீப்பர். மாவட்ட அணிக்குத் தேர்வாகி மாநிலப் போட்டிக்குத் திருச்சி வரைக்கும் போனாள். போய் ஐந்து நாளும் பெஞ்சில் உட்கார்ந்தாள். வேறு ஊரிலிருந்து கூட்டி வந்த ஒரு பெண்ணைக் கோலில் நிறுத்திவிட்டு, பூமாலையிடம் தண்ணீர் பாட்டில்களைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். திரும்பி வந்தபோது கையில் ‘பங்கேற்றார்’ என்று ஒரு சான்றிதழ் இருந்தது.

அவள் பார்க்கிறது அமெரிக்க லீக். அதற்குப் பெரிய தத்துவமெல்லாம் இல்லை. ஐரோப்பிய ஆட்டங்கள் நடக்கிற நேரத்தில் அவள் அடித்துப் போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருப்பாள். அமெரிக்காவில் சாயங்கால ஆட்டம் என்றால் இங்கே விடியற்காலை ஐந்து மணி. அடுப்பில் இட்லிப்பானை, பக்கத்து அலமாரியில் சாய்த்துவைத்த போன். மேற்குக் கரையில் நடக்கிற ஆட்டம் இன்னும் வசதி. வியாழக்கிழமைகளில் எட்டு மணிக்குமேல் தொடங்கும். வண்டி திண்டிவனத்தை விட்டால் பந்து உருளும், முண்டியம்பாக்கம் தாண்டினால் முதல் பாதி முடியும். தான் விழித்திருக்கிற நேரத்தில் ஆடுகிற லீக் உலகத்திலேயே அது ஒன்றுதான் என்பாள். அதில் பச்சைச் சட்டை போட்ட ஓர் அணி அவளுடையது.

மற்ற மூவருக்கும் இது சிரிப்பு. “அது லீக்கா பூமாலை? முட்டி போனவங்க ரெஸ்ட் எடுக்கப் போற எடம்மா” என்பார் செல்வகுமார்.

“எனக்கும் அவங்க மேல கோவம் உண்டு சார். பேருக்காவ வயசானவர கூட்டியாந்து, அந்த ஊர்ப் புள்ளைங்கள பெஞ்சுல குந்த வெக்கிறாங்க. திட்டுறதுக்கு நான் இருக்கேன், தெனம் பாக்குறேன். ஒரு மேட்சுகூட பாக்காத நீங்க ஏன் திட்டுறீங்க?”

தமிழ்மணி வாத்தியார் சாந்தமாகச் சொல்வார். “ஒரு லீக்க யாரும் வளக்க முடியாதும்மா. நூறு வருஷம் அது தானா வளரணும்.”

“நூறு வருஷ லீக்குக்கும் மொத வருஷம்னு ஒண்ணு இருந்திருக்கும்ல சார். அன்னிக்கி எத்தினி பேரு பாத்தாங்களாம்?”



வருடா வருடம் வீரர்கள் அணி மாறுகிற பருவம் வந்தால், யார் எங்கே போவார் என்று இவர்கள் ஒரு பட்டியல் போடுவார்கள். வாத்தியார் நோட்டில் ஆளுக்கொரு பக்கம். இந்த வருடம் பூமாலை தன் கணிப்பைச் சொன்னபோது வாத்தியார் பேனாவை மூடிவிட்டார். “அமெரிக்காவெல்லாம் இதுல சேராதும்மா.”

அவள் சொன்னது இதுதான். ஐரோப்பாவின் பெரிய அணி ஒன்றில் இருபத்தாறு வயது ஃபார்வர்டு ஒருவன் ஒரு வருடமாகப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். பச்சைச் சட்டைக்காரர்கள் அவனைக் கேட்டிருந்தார்கள். அவன் போவான் என்றாள் பூமாலை.

“இருவத்தாறு வயசுல எவனாவது அங்க போவானா?” என்றார் செல்வகுமார்.

“கால் நல்லா இருக்கிறவன் எத்தினி நாளு சார் குந்திக்கினு இருப்பான்?”

“போவலன்னா?”

“போவலன்னா இந்த சீட்டுல குந்திக்கினு ஃபுட்பால் பத்தி வாயே தொறக்க மாட்டேன். போனா, தெனம் எனக்கு நீங்க பை எறிஞ்சி எடம் புடிக்கணும்.”

ஆகஸ்டில் கெடு முடிந்தது. அவன் போகவில்லை. அதே பெரிய அணியில், அதே பெஞ்சில், இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான். மறுநாள் செல்வகுமார் மைசூர்பாகு வாங்கிவந்து பெட்டி முழுக்க விநியோகித்தார். பூமாலைக்கும் ஒன்று கொடுத்தார். அவள் வாங்கித் தின்றாள். தோற்றால் தோற்றதுதான்.

அந்தப் பையன்மேல்தான் அவளுக்கு ஆத்திரம். ஆட ஓர் ஊரே கூப்பிடும்போது, பேர் பெரிது என்று பெஞ்சைப் பிடித்துத் தொங்குகிறானே என்று லென்ஸ் தேய்க்கும்போதெல்லாம் திட்டினாள்.

எட்டு நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. பை மட்டும் வழக்கம்போல் எறிந்தாள். ஒன்பதாம் நாள் முத்துசாமி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபடி சொன்னார்: “இப்பதான்யா நிம்மதியா கீது. பூமாலை எடம் புடிக்கட்டும், நாம பேசிக்கினு போலாம்.” அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. திருச்சியில் பாட்டிலை நீட்டியவரும் கெட்ட எண்ணத்தில் நீட்டவில்லை. அந்த ஃபார்வர்டாவது சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், நான் எதற்காக உட்கார்ந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்த வியாழக்கிழமை மூன்று பேரும் வழக்கம்போல் பைகளை நீட்டினார்கள். பூமாலை வாங்கவில்லை. பிளாட்பாரத்தில் ஒரு பெட்டி தள்ளி நடந்தாள். அங்கே வந்த ஜன்னலில் ஒரே ஒரு பையை எறிந்தாள். ஏறிப் போய் உட்கார்ந்தாள். மூவரும் விழுப்புரம் வரை நின்றுகொண்டு போனார்கள். மறுநாள் செல்வகுமார் தானே எறிந்து பார்த்தார். பை ஜன்னல் சட்டத்தில் மோதித் திரும்பி, சாம்பார் முழுக்க முத்துசாமியின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. அதன்பிறகு அவர்கள் எறியவில்லை.

புதுப் பெட்டியில் பூமாலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது அஸ்வினி. முண்டியம்பாக்கத்தில் நர்சிங் படிக்கிற பெண். “என்ன மேட்ச்க்கா இது?” என்று எட்டிப் பார்த்தாள். பூமாலை இத்தனை நாளாக அடக்கிவைத்திருந்ததெல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது. ஆஃப்சைடு என்றால் என்ன என்பதிலிருந்து, பேருக்காக ஆள் எடுப்பது ஏன் தப்பு என்பது வரை சொன்னாள். அடுத்த வாரம் அஸ்வினி இரண்டு தோழிகளைக் கூட்டி வந்தாள். மயிலத்தில் ஏறி அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிற வேணி, போகிறபோக்கில் நின்று பார்த்தவள், மூன்றாவது வாரம் கூடையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். வியாழக்கிழமை மட்டும் அவளுக்கு வியாபாரம் முண்டியம்பாக்கத்துக்குப் பிறகுதான்.

பச்சைச் சட்டையில் பதினேழாம் நம்பர் ஒருவன், அந்த ஊரிலேயே வளர்ந்தவன், நன்றாக ஆடினான். அவனை ஜனவரியில் ஐரோப்பாவுக்கு விற்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. வேணிக்குப் பொறுக்கவில்லை.

“அத்த வித்துட்டா நம்ம டீமு என்னாவறது?”

“போவட்டும் வேணிக்கா, அங்க போனாதான் பெரிய ஆளாவும்” என்றாள் அஸ்வினி.

“இங்கியே பெரிய ஆளானா ஆவாதாமா? வளக்கறது நாம, ஊட்டுல வெச்சிக்கிறது அவனுங்களா?”

நம்ம டீமு. பூமாலை அந்தச் சண்டையில் தலையிடவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. சந்தோஷத்தில் அவளுக்கு அன்றைக்கு ஆட்டமே கண்ணில் பதியவில்லை.

அக்டோபர் நடுவில் ஒரு வியாழக்கிழமை செல்வகுமார் அந்தப் பெட்டியில் ஏறினார். ஏழு பேர் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஏழாவது ஆள் தமிழ்மணி வாத்தியார். போன வாரமே வந்துவிட்டவர், இவரைப் பார்த்ததும் நோட்டைப் பிரித்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

“பூமாலை, பழச உடும்மா” என்றார் செல்வகுமார். “பந்தயத்த நான் வாபஸ் வாங்கிக்கிறேன். நம்ம எடத்துக்கு வா. நீயும் பேசு.”

“பந்தயம் பந்தயம்தான் சார். தோத்தது நானு. அந்த சீட்டுல பேச மாட்டேன்னு சொன்னேன், பேசல.”

“சரி, அப்ப நான் இங்க குந்தட்டா?” அவளுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு இருந்தது. அதன்மேல் அவளுடைய பை இருந்தது.

“அது வேணிக்காவுக்கு. மயிலத்துல ஏறுவாங்க.”

அவர் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தார். பதினேழாம் நம்பர் இரண்டு பேரை ஏமாற்றி அடித்த பந்து வலைக்குள் போனது. எல்லாரும் சத்தம் போட்டார்கள். எதிரணி உடனே ஒன்றைத் திருப்பி அடித்தது. சத்தம் அடங்கியதும் செல்வகுமார் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார்: “என்ன இருந்தாலும் இது முட்டி போனவங்க…”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பூமாலை மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பேசுங்க சார். யாரு வேணான்னா. நின்னுக்கினே பேசுங்க.”

மயிலத்தில் வண்டி நின்றது. வேணி கூடையோடு ஏறி, சீட்டிலிருந்த பையைத் தூக்கிப் பூமாலையின் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“எவ்ளோ எவ்ளோ?” என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

“ஒண்ணுக்கு ஒண்ணு” என்றார் செல்வகுமார், மேலிருந்து. “நம்ம பதினேழுதான் அடிச்சான்.”