சாப்பாட்டுக்கு முந்தைய மாத்திரை

சர்க்கரைக்கும் பிரஷருக்குமான மாத்திரைகளை மாதம் ஒருமுறை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. கொடுப்பது சுலபம். தெருமுனை திரும்புவதற்குள் சந்தேகம் தொடங்கிவிடும். போட்டிருப்பார்களா, எதை, எப்போது?

அன்று முத்தாபுதுப்பேட்டையில் ஒரு பெண் வீட்டு வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும்.

“தூங்கினு கீறாருக்கா. நைட்டு முட்ச்சி ஏழரைக்கு வந்தாரு. நீ சொன்னாப்லயே காலைல வெறும் வயித்துல மாத்திர போட்டுக்கினாரு.”

“அப்பறம் இன்னா சாப்ட்டாரு?”

“நைட் ஷிஃப்ட்னா வந்ததும் படுத்துருவாரு. மூணு மணிக்குத்தான் சோறு.”

மணி பதினொன்று. அந்த மாத்திரை சர்க்கரையைக் குறைக்கும்; சோறு வராவிட்டாலும் குறைத்துக்கொண்டே போகும். அட்டையில் ‘காலை’ என்று எழுதியது என் கை. எழுந்து பல் விளக்கி இட்லி தின்கிறவர்களின் காலை அது. இவருக்கு அதுதான் ராத்திரி.

செருப்போடு உள்ளே ஓடினேன். ஓடும் ஃபேனுக்கடியில் பனியன் நனைய வியர்த்துக் கிடந்தார். உலுக்கினேன். கண் திறந்தது, என்னைப் பார்க்கவில்லை.

“மிஷின நிறுத்துடா.”

“கனா காண்றாருக்கா,” என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

“சர்க்கர கரைச்சி எட்தா, சீக்கிரம்!”

நிமிர்த்தி உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். விழுங்குகிறாரா, விழுங்குகிறாரா. தொண்டை ஏறி இறங்கிய பிறகுதான் அடுத்த வாய் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்து என்னை அடையாளம் கண்டார்.

“இன்னாக்கா, செருப்போட ஊட்டுக்குள்ள வந்துகீற?”

எங்கள் சுகாதார நிலைய நர்ஸுக்குப் போன் போட்டேன்; அவர் விடவில்லை. ஏதாவது சாப்பிடவைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள், மறுபடி இறங்கும் என்றார். பாதி பன்னைத் தின்னவைத்து ஆட்டோவில் ஏற்றினோம். ஏறியதும் கண் சொருகியது. அது ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்தவரின் தூக்கமா, மாத்திரையின் வேலையா? எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

“தூங்காத நைனா. பொண்ணு எத்தனாவது படிக்கிது?”

“எட்டாவது.”

“எந்த ஸ்கூலு?”

சொன்னார். நூறு அடி போனதும் மறுபடி கேட்டேன், பெண் எத்தனாவது?

“எட்டாவதுக்கா,” என்றார், எரிச்சலோடு. “இப்பத்தான சொன்னேன். உனக்கு இன்னா, மறதிக்கு மாத்திர யாரும் குடுக்கலியா?”

அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அடுத்த கேள்வியைத் தேடிக்கொண்டிருந்தேன்.