மூன்று சீட்டும் ஒன்றுபோல்

போடியில் எங்கள் வீட்டு மாடி அறையிலிருந்துதான் பெங்களூர் கம்பெனிக்கு மென்பொருள் வேலை பார்க்கிறேன். எந்த வேலை எவ்வளவு இழுக்கும் என்று குழுவாக மதிப்புப் போட இணையத்தில் ஒரு சீட்டாட்டம் வைத்திருக்கிறோம். ஆளுக்கொரு எண் சீட்டைப் போடுவோம். எல்லாரும் போட்டு முடிக்கிறவரை யாருடையதும் தெரியாது, பிறகு ஒரே நேரத்தில் திறக்கும். ஒருத்தர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் அவர் பின்னாலேயே போய்விடுவார்கள் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. யாராவது முந்திக்கொண்டு எண்ணைச் சொன்னால் எனக்கு மூக்குமேல் கோபம் வரும்.

அப்படிப்பட்டவள் வீட்டில் என்ன கிழித்தேன்? மலையிலிருக்கும் ஏலக்காய்த் தோட்டத்தை விற்றுவிடலாம் என்று ஒருநாள் சாப்பிடும்போது அப்பா சொன்னார். முட்டிவலியோடு மலையேற அவருக்கு முடியவில்லை போல என்று நினைத்து அண்ணன் சரி என்றான். இரண்டு பேரும் சொல்லிவிட்டார்களே என்று நானும் தலையாட்டிவைத்தேன். ராசிங்காபுரத்துக்காரர் ஒருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை பத்திரப்பதிவு. முந்தின நாள் மத்தியானம், சீட்டாடுவதற்கா எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று அண்ணன் கிண்டல் பண்ணினான். அப்பாவையும் உட்காரவைத்து மூன்று போனிலும் அதைத் திறந்து காட்டினேன். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தன் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிற இலவச மென்பொருள் அது. எண்களை எடுத்துவிட்டு ‘விக்கலாம்’, ‘வேண்டாம்’ என்று இரண்டே சீட்டு வைத்தேன். கேள்வி, தோட்டம். சும்மா விளையாட்டுக்கு என்று சொன்னேன். மனசுக்குள் அப்படியில்லை.

சீட்டுகள் திறந்தன. மூன்றும் ‘வேண்டாம்’.

இத்தனை நாளும் ஒருவருக்காக ஒருவர் பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்: தோட்டம் எங்களுக்குச் சுமையாகிவிடக் கூடாதென்று அப்பா, அவர் முட்டிக்காக அண்ணன், இரண்டு பேருக்காகவும் நான். அண்ணன் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தப்பா அமுக்கிட்டேன் ஆத்தா. இன்னொரு தடவ வையி. அவருக்கு வாக்குக் குடுத்தாச்சு. எனக்கும் மலைக்குப் போயிப் போயிச் சலிச்சுப்போச்சு.”

அவர் தப்பாக அமுக்கவில்லை. முதல் தடவை அவர் விரல் நேராக ‘வேண்டாம்’ மேல் போனதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் மறுபடி வைத்தேன்.

இந்தத் தடவை அப்பாவுடையது ‘விக்கலாம்’. அண்ணனுடையதும் அதுவே.

“பாத்தியா, எல்லாருக்கும் ஒரே நெனப்புதான்” என்று சொல்லிவிட்டு அண்ணன் எழுந்து கடைக்குப் போய்விட்டான். அவன் குரல் சரியாக இல்லை.

மூன்றாவது சீட்டு என்னுடையது. திறக்கும்வரை யாரும் பார்க்க முடியாது, யாரும் வற்புறுத்தவில்லை. அப்படியிருந்தும் நான் ‘விக்கலாம்’ என்றே அமுக்கியிருந்தேன். என் ஒரு சீட்டாவது ‘வேண்டாம்’ என்று நின்றிருந்தால், அப்பா மறுநாள் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.