எட்டு மீட்டருக்குக் கீழே ஒரு மரக்கட்டை

அலுவலகத்தில் அவருக்குப் பாதிரி என்று பெயர். ஜெபக்கூடத்தில் விஞ்ஞானி. இரண்டும் கிண்டல்தான்; இரண்டையும் அவர் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார்.

கட்டடம் எழுப்புவதற்கு முன் நிலத்தைத் துளைத்து, கீழே என்ன பாறை என்று சொல்வது அவர் உத்தியோகம். பாறைக்கு வயது சில கோடி வருஷம் என்று திங்கள் முதல் சனி வரை எழுதுவார். ஆறே நாளில் உலகம் உண்டானது என்று ஞாயிற்றுக்கிழமை ஆமென் சொல்வார். இரண்டும் இடிக்கிறதே என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நாற்பது பக்கத்தில் பதில் அச்சடித்தார். அவர் கணக்கில் வேதத்தின் ஒரு நாள் என்றால் எழுபத்தாறு கோடி வருஷம். ஏழாம் நாளாகிய ஓய்வுநாள் இன்னும் முடியவில்லை. அவர் மேஜையில் அறிக்கைகள் தேங்கிக் கிடந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அந்த நூலை ஜெபக்கூடத்தார் படிக்காமல் மெச்சினார்கள்; அலுவலகத்தார் படிக்காமல் சிரித்தார்கள்.

ஜெபக்கூடத்துக்கு மாடிக் கட்டடம் கட்ட மனை வாங்கினார்கள். சபை மூப்பர் அடிக்கல் நாளையும் குறித்துவிட்டு, நிலத்தைப் பார்த்துச் சொல்லும் வேலையை இவரிடம் கொடுத்தார்.

துளைபோடும் மேஸ்திரி பக்திமான். இயந்திரத்தைத் தொட்டுக் கும்பிடாமல் விசையை அழுத்த மாட்டார். மூன்றாவது துளையில், எட்டு மீட்டர் ஆழத்தில், கம்பி தானாகவே இரண்டு மீட்டர் கீழே போனது. சுண்ணாம்புக்கல்லுக்குள் பொந்து. மேலே வரும் கல்லுருளைகளை நீளப்பெட்டியில் வரிசையாக அடுக்குவார்கள். கல் வராத ஆழத்துக்கு அதே நீளத்தில் ஒரு மரக்கட்டையை வைப்பது தொழில் வழக்கம். மேஸ்திரி கட்டையை வைத்தார். மாலையில் விஞ்ஞானி அதை உருவி எடுத்துவிட்டு, கற்களை நெருக்கித் தள்ளினார். இடைவெளி மறைந்தது. நாற்பது பக்கத்தில் செய்த அதே வேலைதான். இங்கே கைதான் கொஞ்சம் அழுக்கானது.

"சார், பெட்டியில வரிசை ரெண்டு மீட்டர் குட்டையாயிடுச்சே?" என்றார் மேஸ்திரி.

"மொத்தத்துல பாறை கெட்டிதான், மேஸ்திரி. நமக்கு விசுவாசம் வேணும்."

"விசுவாசம் எனக்கும் நெறைய இருக்கு சார். அதான் கட்டையை வெச்சேன். மேல இருக்கறவர் பார்த்துக்கிட்டிருக்கார்ல?"

இந்த வாதத்துக்கு அவர் நூலில் அத்தியாயம் இல்லை.

கையெழுத்துப் போடாத அறிக்கையோடு வீட்டுக்கு வந்தார். மனைவி சிறுவர் வகுப்பு நடத்துகிறவர். புது மாடியில் வகுப்பு எங்கே என்று தாளில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். சரியாக மூன்றாவது துளைக்கு மேலே.

"ஏங்க, தரை கெட்டிதானே?"

"விசுவாசத்தோட பார்த்தா கெட்டி. விஞ்ஞானத்தோட பார்த்தா, அது வேற ஒரு தளத்துல…"

"செருப்பு போட்டுக்கிட்டு நான் அது மேல நின்னா?"

விஞ்ஞானி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாப்பது பிள்ளைங்களை மேல ஏத்தப்போறேங்க. உங்க தளமெல்லாம் இருக்கட்டும். நிக்குமா, நிக்காதா?"

இருபது வருஷமாக எல்லாவற்றையும் சமரசம் செய்துவந்த வாய், ஒரே சொல்லில் பதில் சொன்னது:

"நிக்காது."

மறுநாள் காலை அவரே போய்க் கற்களை விலக்கி, கட்டையைத் திரும்ப வைத்தார். 'இங்கே கட்டக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேஸ்திரி பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டார், அவ்வளவுதான்.

மூப்பர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் மேடையேறி, "ஆபத்தைக் கர்த்தரே நமக்குக் காட்டிக்கொடுத்தார்" என்று அறிவித்தார். மேஸ்திரியைப் பற்றிப் பேச்சே இல்லை. விஞ்ஞானி முன்வரிசையில் உட்கார்ந்து பலமாகத் தலையாட்டினார்.

நூலின் இரண்டாம் பதிப்பு அச்சில் இருக்கிறது. பொந்துக்குத் தனி அத்தியாயமாம்.