பாஹிமாவின் ஐந்து கொப்பிகள்

பாஹிமாவின் கொப்பிகளில் எப்போதும் அவித்த நெல்லின் மணம் இருக்கும். மாவடிப்பள்ளியில் அவர்கள் வீட்டு நெல் மூட்டைகளுக்குப் பின்னால் அவற்றை ஒளித்துவைத்திருந்ததால் ஏறிய மணம் அது. உயர்தர வகுப்பில் படித்த அந்த வருடம் அந்த நோட்டுக் கொப்பிகளில் அவள் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தாள்; பின்னேரம் அசர் தொழுதுவிட்டு, தொழுத பாயிலேயே இருந்து எழுதுவாள். அதன் நாயகி ஸரீனா, சட்டம் படிக்கக் கொழும்புக்குப் போயே தீருவேன் என்று தன் தகப்பனை, 'வாப்பா'வை, எதிர்த்து நிற்பவள், ஆனாலும் ஒரு வக்துத் தொழுகையையும் விடாதவள், இல்யாஸ் என்ற ஒருவனை மனதார விரும்புகிறவள். கல்முனைக்குப் பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸில் ஒவ்வோர் அத்தியாயத்தையும் முதலில் வாசிப்பவள் நான். இல்யாஸின் புருவத்தில் ஒரு தழும்பு வைக்கச் சொன்னதும் நான்தான்.

அதுவரை கட்டுரைப் போட்டிகளில் முதற்பரிசு எனக்கே கிடைத்துவந்தது. ஒருநாள் தமிழ் ரீச்சர் அந்த நாவலின் ஒரு பகுதியை வகுப்பில் வாசித்து, "இது எழுதப் பொறந்த கை" என்று பாஹிமாவின் தோளைத் தட்டினார். எல்லோரோடும் சேர்ந்து நானும் கைதட்டினேன். வீட்டுக்கு வந்தபின் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் அவளுடைய அண்ணன், நாங்கள் 'காக்கா' என்று கூப்பிடுபவர், ஒரு கொப்பியைச் சுருட்டிப் பிடித்தபடி எங்கள் வீட்டு வாசல் கடப்படியில் வந்து நின்றார். ஸரீனா இல்யாஸுக்கு எழுதும் கடிதம் அதில் இருந்தது.

"தங்கச்சி, நீ பொய் சொல்ல மாட்டாய். இந்த இல்யாஸ் கதைக்காக எழுதினதா, இல்லாட்டி அப்பிடி ஒரு ஆள் இரிக்கானா?"

தங்கைமீது உயிரையே வைத்திருந்த மனிதர். 'இல்லை' என்ற சொல்லுக்காகவே அவர் முகம் காத்திருந்தது.

"ஓம் காக்கா, இரிக்கான்" என்றேன்.

ஐந்து கொப்பிகளும் அன்றே அடுப்புக்குள் போயின. மறுநாள் பாஹிமா எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள். "அது வெறும் கதைதானெண்டு வாப்பாட்ட அவளை வந்து சொல்லச் சொல்லுங்க மாமி, அவ சொன்னா நம்புவாங்க" என்று என் உம்மாவிடம் அழுதாள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லச் சொல்லிவிட்டு, அந்த அழுகையைக் கேட்டபடி உள்ளே படுத்திருந்தேன். பரீட்சைக்கு முன்பே சம்மாந்துறையில் அவளுக்கு நிக்காஹ் முடிந்தது. அடுத்த வருடப் பரிசும் எனக்கே கிடைத்தது.

போன மாதம் கல்முனையில் ஒரு புடவைக் கடையில் அவளைக் கண்டேன். பல்கலைக்கழகம் போகவிருக்கும் மகளுக்கு உடுப்பு எடுக்க வந்திருந்தாள். "இவதான் என்ட நாவல முழுக்க வாசிச்ச ஒரே ஆள்" என்று என்னைக் காட்டினாள். அந்த நாவலில் இன்று மிஞ்சியிருப்பது எங்கள் இருவரின் ஞாபகத்தில் கிடக்கும் சில பக்கங்கள் மட்டுமே. ஏன் எரித்தார்கள் என்று மகள் கேட்டாள்.

"காக்கா கதைய நிசமெண்டு நினைச்சிட்டார்" என்றவள், என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தாள். "எத்தனையோ தரம் வீடு தேடி வந்தார் புள்ள. மௌத்தாகிற வரைக்கும் நான் அவருக்கு முகம் குடுத்துக் கதைக்கல்ல."

யாரிடம் கேட்டு நம்பினார் என்பதை அந்த மனிதர் சாகும்வரை தங்கையிடம் சொல்லாமலே போயிருக்கிறார். நானும் சொல்லவில்லை. எந்த நிறம் நல்லது என்று மகள் கேட்டாள்; பச்சையைக் காட்டினேன்.