மீன் போட்ட நெற்றிக்காசு

என் வீட்டுக்காரர் பதுளை ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். நமுனுகுலவில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து கிடத்தியதும் கொழுந்தனார் கையை நீட்டினார்.

“அண்ணி, நெத்திக்கு ஒரு காசு குடுங்க.”

முந்தானை முடிச்சில் இரண்டு காசு இருந்தது. ஒன்று நம் ரூபாய். மற்றது மொசாம்பிக் காசு. அங்கே மாணிக்கக்கல் வாங்கப் போகிறவர்களுக்கு என் மகன் சமைத்துப் போடுகிறான். போர்த்துக்கேயர் ஆண்ட நாடாம். போன லீவில் வந்தவனின் சட்டைப் பையில் அது கிடந்தது. “இதுக்கு இங்க ஒரு வெத்தலகூட தரமாட்டாங்கம்மா” என்று சிரித்தான். அவன் கை பட்டதாயிற்றே என்று நான் வாங்கி முடிந்துகொண்டேன்.

அழுத கண்ணுக்கு எது எதுவென்று தெரியவில்லை. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கொழுந்தனாரும் பார்க்காமலே சந்தனத்தில் அழுத்தி நெற்றியில் ஒட்டிவிட்டார்.

மகனுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. “எனக்காக வச்சிருக்காதீங்க சித்தப்பா” என்று போனில் அழுதான். மறுநாள் மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. சவப்பெட்டியை மூட அவசரப்பட்டார்கள். அப்போதுதான் வாய்க்கரிசி போட்ட பக்கத்து வீட்டு அக்கா குனிந்து பார்த்தாள்.

“அடியே, காசுல மீனு இருக்குடி!”

“சாவு வீட்டுல கவுச்சியா? மனுசன் கருவாடுன்னா உசுர விடுவாரு. கேட்டு வாங்கிட்டாரு போல” என்றாள் இன்னொருத்தி. யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

கொழுந்தனார் சிரிக்கவில்லை. “செல்லாத காச வச்சா அண்ணன அனுப்புறது? என்ன அண்ணி குடுத்தீங்க?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆம்பளைகள் கூட்டத்தில் நான் வாய் திறந்ததே இல்லை. தெரியாமல் கொடுத்துவிட்டேன், மாற்றிவிடுங்கள் என்றால் முடிந்தது. நல்ல ரூபாய் முந்தானையில்தான் இருந்தது. ஆனால் கொழுந்தனார் விரல் காசைத் தொட்டதும் நான் பெட்டியருகே போய்விட்டேன். வர முடியாத மகனிடமிருந்து என் வீட்டுக்காரருக்கு வந்தது அது ஒன்றுதான். அதையும் பிடுங்கிவிட்டால்?

“எடுக்காதீங்க தம்பி.”

“என்ன அண்ணி?”

“நம்ம புள்ளையோட காசு அது. ஒரு பிடி மண்ணு போடக்கூட அவனுக்குக் குடுத்து வைக்கல. அதாவது கூடப் போகட்டும்.”

என் குரல் எனக்கே கேட்கவில்லை. தகரத்தில் மழை விழத் தொடங்கியிருந்தது.

“அங்க செல்லலன்னா?”

“செல்லலன்னா அவரு பாத்துக்குவாரு.”

கொழுந்தனார், காய்ந்து வெடித்திருந்த சந்தனத்தைத் தண்ணீர் தொட்டுக் குழைத்து, காசை மறுபடியும் அழுத்தி வைத்துவிட்டு, மூடியைத் தூக்கச் சொன்னார்.